ஒலுமடுவில் நின்ற ஒஸ்ரின்

மாமாவின் கார் தூரப் பயணம் போவதென்றால் முதல் நாள் பின்னேரமே டிக்கி நிரம்பிவிடும். உடுப்புப் பை கடைசியில், இடம் மிஞ்சினால் ஏறும். முதலில் ஏறுவது ஐந்து லீற்றர்த் தண்ணீர்க் கான்கள் மூன்று. பிறகு ஒரு சாக்கு, மேலதிகமாக ஒரு ஃபான் பெல்ற், பழைய ரியூபில் வெட்டிய றப்பர்ப் பட்டிகள், எமறிப் பேப்பர், தேய்ந்த பல் துலக்கும் பிறஷ், கட்டுக் கம்பி, உறை பிரிக்காத சன்லைற் சவுக்காரம் ஒன்று. சவுக்காரம் என்னத்துக்கென்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். பெற்றோல் ராங்க் கசிந்தால் காய்ந்த சவுக்காரத்தை அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்தால் அடைபட்டுவிடும். தண்ணீரில் கரைகிற சவுக்காரம் பெற்றோலில் கரையாது. பள்ளிக்கூடத்து இரசாயன வகுப்பில் எனக்கு இது கிடைக்கவில்லை.

கார் ஒஸ்ரின் ஏ40 சொமசெற். பேர்மிங்ஹாமின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரைதான் இந்த வகையைச் செய்தார்கள். 1,200 சீசீ என்ஜின். கியர்க் கம்பு ஸ்ரியறிங் தண்டோடு. முன்னுக்கு ஒரே நீள இருக்கை. மூன்று பேர் நெருங்கி இருக்கலாம், நாலாவது ஆளாக ஒரு பிள்ளையையும் மடியில் வைக்கலாம். இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்து. மாமாவுக்கு அதில் ஒரு தனிப் பெருமை. "இது ஸ்ரீக்கு முந்தின கார்" என்பார். 1958இல் சிங்கள ஸ்ரீ பொறித்த பஸ்கள் வடக்கே வந்ததையும், ஆட்கள் அதை அழித்துத் தமிழில் எழுதியதையும் பன்னிரண்டு வயதில் கண்டவர் அவர். தங்கள் வீட்டுக் காரை ஒருவரும் தொடவில்லை என்பதை இப்போதும் சாதனை போலச் சொல்லுவார்.

போன வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போவதென்று முடிவானது. தண்ணீரூற்றில் சொந்தக்காரர் வீட்டில் தங்கல். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீற்றர். கொழும்பில் நான் வைத்திருக்கும் ஜப்பான் காரில் மூன்று மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரலாம். மாமா சம்மதிக்கவில்லை. கண் சரியில்லாததால் அவர் இப்போது ஓட்டுவதில்லை. நான் ஓட்ட, பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டு வருவார். என்னையல்ல, என்ஜினை. மணிக்கு 50 கிலோமீற்றரைத் தாண்டினால் தொண்டையைச் செருமுவார்.

விடிய ஐந்து மணிக்கு ஹாண்டில் போட்டு அடித்தே ஸ்ராற் பண்ணினோம். பற்றரியை நம்புவது அவர் வழக்கமில்லை. ஹாண்டில் அடிக்கும்போது பெருவிரலை மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்க வேண்டும்; சுற்றிப் பிடித்தால், என்ஜின் திருப்பி உதைக்கிற வேளையில் பெருவிரல் முறியும். மாமாவின் வலக்கைப் பெருவிரல் இன்றைக்கும் கொஞ்சம் கோணல். அதனால் இந்தப் பாடத்தை அவர் வாயால் சொல்லத் தேவையில்லை.

ஆனையிறவு தாண்டும்போது உப்புக்காற்று நெருப்பாக இருந்தது. பரந்தனுக்குக் கிட்டக் கார் இருமத் தொடங்கியது. இதற்கு வைத்தியம் எனக்கே தெரியும். பெற்றோல் குழாய் கொதித்து, உள்ளேயிருக்கும் பெற்றோல் ஆவியாகி, பம்ப் ஆவியை இழுக்கிறதே தவிர எண்ணெயை இழுப்பதில்லை. சாக்கை நனைத்துப் பம்பைச் சுற்றிப் போட்டுவிட்டு வேம்பின் கீழே பத்து நிமிடம் நின்றால் தானே இறங்கும். நின்றோம், இறங்கியது.

முறிகண்டியில் நிற்காமல் போகிற வாகனத்தை நான் கண்டதில்லை. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு வந்து பொனற்றில் சாய்ந்து நிற்கையில் ஒரு நிசான் லொறி வந்து பக்கத்தில் நின்றது. மாமா ஒரு கச்சானை உடைத்து வாயில் போட்டபடி, "உவனுக்குத் தொழில் பழக்கினது எங்கட ஆள்" என்றார். உண்மைதான். 1952 கடைசியில் நிசான் கொம்பனி ஒஸ்ரினோடு ஒப்பந்தம் செய்து, அடுத்த வருடத்திலிருந்து இதே ஏ40ஐ ஜப்பானில் பூட்டத் தொடங்கியது. முதலில் பகுதிகளை இறக்கிப் பூட்டினார்கள், பிறகு ஏ50 வகைக்கு மாறி, பகுதிகளையே தாங்கள் செய்யப் பழகினார்கள். 1977க்குப் பிறகு இலங்கை இறக்குமதியைத் திறந்துவிட்டதும் ஜப்பான் கார்கள் வந்து ஒஸ்ரினையும் மொறிஸையும் தெருவோரம் தள்ளின. பழகின மாணவன் வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பிய கதை. லோங்பிரிட்ஜில் இன்று ஒஸ்ரினும் இல்லை.

மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு வீதி. இரண்டு பக்கமும் பாலையும் வீரையும் முதிரையும். யானை குறுக்கிடும் என்ற பலகைகள். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஒலுமடு தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், ஏற்றமுமில்லை இறக்கமுமில்லை, சைலன்சருக்குள் இரண்டு வெடி வெடித்துவிட்டுக் கார் நின்றது.

இருமவில்லை, இளைக்கவில்லை. நின்றது.

நான் நேரே காபரேற்றருக்குப் போனேன். பரந்தனில் பெற்றோல்தானே மக்கர் பண்ணியது, இங்கேயும் அதுதான் என்று என் மூளை முன்னமே தீர்ப்பு எழுதிவிட்டது. மிதவைப் பெட்டியைக் கழற்றினேன். ஜெற்றை ஊதினேன். பம்பின் கைநெம்பை அமத்திப் பார்த்தேன். பெற்றோல் ஒழுங்காகப் பீச்சியது. பீச்சியது என்பதையே நான் சாட்சியாக எடுக்கவில்லை. மறுபடியும் ஜெற்றை ஊதினேன். ஒரு மணித்தியாலம் இப்படிப் போனது. கைகள் கறுத்து, சேட்டு நனைந்து, ஒரு சின்ன வாஷர் புல்லுக்குள் விழுந்து, அதைத் தேட இருபது நிமிடம். மாமா பாலை மரத்தின் கீழே சாக்கில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்றுதான் அப்போது நினைத்தேன். தெரியாது என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

அந்த வழியால் மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு கமக்காரர் நிறுத்தினார். காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "உது ஏ40 எல்லே? தண்ணீரூற்றில ஒரு அண்ணை இருக்கிறார், அவர்தான் உதுக்குச் சரி" என்று போனை எடுத்தார்.

போனில் வந்த குரல் முதலில் கேட்டது என் பெயரையல்ல.

"தம்பி, இளைச்சு இளைச்சு நிண்டதோ, வெட்டினமாதிரி நிண்டதோ?"

"வெட்டினமாதிரி, அண்ணை."

"அப்ப பெற்றோலில கை வையாதையுங்கோ."

நான் கழற்றிப் போட்டிருந்த காபரேற்றர் மூடியைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

"எல்லாத்தையும் பூட்டிப்போட்டு ஒருக்கா அடியுங்கோ. போனைப் பொனற்றுக்குள்ள பிடிக்கச் சொல்லுங்கோ."

பூட்டி, ஹாண்டில் போட்டு அடித்தேன். கமக்காரர் போனை என்ஜினுக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றார், நோயாளியின் நெஞ்சில் குழாய் வைக்கிற டொக்டரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு. என்ஜின் பிடிக்கிற மாதிரி வந்து, சைலன்சருக்குள் டப்பென்று வெடித்து ஓய்ந்தது.

"டிஸ்றிபியூட்டர் மூடியைத் திறந்து வைச்சுக்கொண்டு ஆரையும் அடிக்கச் சொல்லிப்போட்டு, பொயின்ற் வாயைப் பாருங்கோ. நீலமாப் பொரியுதோ?"

பொரிந்தது. பொயின்ற் திறக்கிற ஒவ்வொரு தடவையும் நீலப் பொறி, சின்ன மின்னல் மாதிரி.

"கொண்டென்சர் செத்துப் போச்சு. அந்த அண்ணையிட்டைப் போனைக் குடுங்கோ."

இரண்டு பேரும் பேசிக்கொண்டது எனக்குப் பாதிதான் விளங்கியது. கமக்காரர் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய், கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். கையில் பெருவிரல் அளவில் ஒரு தகர உருளை, வால் மாதிரி ஒரு வயர். வீட்டுக் கோடியில் பிரித்துப் போட்டிருந்த இறைப்பு மெசினில் கழற்றியது. பழைய மண்ணெண்ணெய் மெசின்.

அதைக் காருக்குள் அதன் சரியான இடத்தில் வைக்க முடியாது, அளவு வேறு. தேவையுமில்லை என்றார் போன்குரல். செத்த கொண்டென்சரின் வயரைக் கழற்றிவிட்டு, இதன் வயரைக் கொயிலிலிருந்து டிஸ்றிபியூட்டருக்குப் போகிற முனையில் முறுக்கி, உருளையின் உடம்பைக் கட்டுக் கம்பியால் என்ஜினோடு இறுக்கிக் கட்டச் சொன்னார். பெயின்ற்றைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிய வைத்துக் கட்ட வேண்டும் என்பதை இரண்டு தடவை சொன்னார். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிட வேலை. எமறிப் பேப்பரால் பொயின்ற்றை இரண்டு தேய்ப்புத் தேய்த்து, மூடியைப் போட்டு, ஒரே அடி. பிடித்துக்கொண்டது.

கமக்காரர் காசு வாங்கவில்லை. கச்சானில் பாதியை வாங்கிக்கொண்டார்.

தண்ணீரூற்றுக்குப் போய்ச் சேரும்போது பின்னேரம் மூன்றரை. ஊர் பெயருக்கு ஏற்ற ஊர்தான்: ஊற்றும், அதன் கரையில் ஊற்றங்கரைப் பிள்ளையாரும், நிழலும். முள்ளியவளை எங்கே முடிகிறது தண்ணீரூற்று எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரனுக்குப் பிடிபடாது. சொந்தக்காரர் வீட்டில் சோறு காத்துக்கொண்டிருந்தது. மாமா காரைவிட்டு இறங்கவே மறுத்தார். "முதலில அங்கை விடு" என்றார்.

அண்ணையின் கராஜ் ஒரு தகரக் கொட்டில். முன்னால் பலகை வைத்து மூடக்கூடிய குழி, பக்கத்தில் கட்டுக் கிணறு. மூன்று முச்சில்லு வண்டிகள், சில்லுக் கழற்றிய ஒரு கை ரக்ரர், பாதி வெட்டிய டெலிக்கா வான் ஒன்று. அவருக்கு அறுபத்தைந்து தாண்டியிருக்கும். வாங்கோ இருங்கோ எல்லாம் பிறகுதான். நேரே போய்ப் பொனற்றைத் தூக்கி, நான் கட்டிய கட்டைப் பார்த்தார். கம்பியை இன்னொரு முறுக்கு முறுக்கினார். பிறகுதான் சிரித்தார்.

"வடிவாக் கட்டியிருக்கிறீர். ஆனால் உந்தப் பொயின்ற் இடைவெளி சரியில்லை. இறங்கும், நீரே வையும்."

நான் இதுவரை பொயின்ற் வைத்ததில்லை. மற்றவர்கள் வைக்க நான் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அன்றைக்கு வைத்தேன். முதலில் ஹாண்டிலை மெல்ல மெல்லச் சுற்ற வேண்டும். டிஸ்றிபியூட்டரின் நடுத் தண்டில் நாலு மூலை. மூலை ஒன்று பொயின்ற்றின் குதியை முழுதாகத் தள்ளி நிற்கிற இடத்தில் சுற்றை நிறுத்த வேண்டும். அந்த நிலையில் இரண்டு வாய்களுக்கும் நடுவில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு இடைவெளி இருக்க வேண்டும். அளக்க எஃகு இதழ்க் கருவி உண்டு. அண்ணை அதைத் தரவில்லை. சிகரெட் பெட்டி மட்டையில் ஒரு நறுக்கை வெட்டித் தந்தார். "றோட்டில கருவி இராது. மட்டை இருக்கும்."

மட்டையை உள்ளே விட்டேன். இறுக்கமாக இருந்தது. திருகாணியைத் தளர்த்தித் தகட்டை ஒரு மயிரிழை நகர்த்தி மறுபடி இறுக்கினேன். இறுக்கும்போது தகடு தானாக நகர்ந்துவிடும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மூன்றாம் தடவை, நாலாம் தடவை. மட்டையை இழுத்தால் வர வேண்டும், ஆனால் விருப்பமில்லாமல் வர வேண்டும். அண்ணை என் கையைப் பார்க்கவேயில்லை. பக்கத்தில் முச்சில்லு ஒன்றின் கேபிளை வெட்டிக்கொண்டிருந்தார். ஆறாம் தடவை மட்டை இழுபட்டு வந்த சத்தத்துக்குத் திரும்பி, "காணும்" என்றார்.

ஸ்ராற் பண்ணியபோது என்ஜினின் குரலே வேறு. மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

கொண்டென்சர் என்ன செய்கிறது என்பதையும் அவரே விளங்கப்படுத்தினார். கொயிலுக்குள் ஓடுகிற கறன்ற் சட்டென்று அறுபட்டால்தான் பிளக்கில் பொறி விழும். பொயின்ற் திறக்கும்போது கறன்ற் அறுபட மனமில்லாமல் அந்த இடைவெளியைத் தாண்டிப் பாயப் பார்க்கும். கொண்டென்சர் அந்தப் பாய்ச்சலைத் தன் வயிற்றில் வாங்கிக்கொள்கிறது. அது செத்தால், பிளக்கில் விழ வேண்டிய பொறி பொயின்ற் வாயிலேயே எரிந்து முடியும். "நீர் பெற்றோலைத் தேடினது பிழை இல்லை, தம்பி. எல்லாரும் முதலில அதைத்தான் தேடுவினம். பெற்றோல் கண்ணுக்குத் தெரியும். கறன்ற் தெரியாது."

தேத்தண்ணி வந்தது. மாமா காரின் மண்ணெண்ணெய்க் கதையை எடுத்தார். நான் எதிர்பார்த்ததுதான், வடக்கில் பழைய கார் ஒன்று நிற்கிற இடத்தில் அந்தக் கதை வராமல் போகாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் தடை, பற்றரி தடை, சவுக்காரம்கூடத் தடை. மின்சாரமும் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து அளந்து, கூடின விலைக்கு வந்தது. ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைக்கும் அதுதான், கிணற்று மெசினுக்கும் அதுதான், காருக்கும் அதுதான். 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து ஏ9 வீதி திறக்கிறவரைக்கும் வன்னியில் ஓடிய வாடகைக் கார்களில் பெரும்பாலானவை ஒஸ்ரினும் மொறிஸும்தான். மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டு ஓட ஒத்துக்கொண்ட சாதி அவை.

மாமா, 1995இல் யாழ்ப்பாணத்தைவிட்டு இடம்பெயர முந்தி அங்கே இதே காரை எப்படி ஓட்டினார் என்று தொடங்கினார். சேலைன் போத்தல் ஒன்றைப் பொனற்றுக்குள் கட்டித் தூக்கி, அதில் இரண்டு விரற்கடை பெற்றோல். மெல்லிய குழாய் நேரே காபரேற்றருக்கு. அந்தச் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராற் பண்ணி, என்ஜின் நன்றாகச் சுட்டதும் அதை அடைத்து மண்ணெண்ணெயைத் திறக்க வேண்டும். வெள்ளைப் புகை குபுகுபுவென்று வரும். கார் சந்தி திரும்ப முதலே மணம் திரும்பிவிடும். நடுவழியில் ஆளை இறக்கினாலும் என்ஜினை நிற்பாட்ட மாட்டார்கள். பிள்ளைப்பெறுவுக்குக் கொண்டுபோன தாயும் அந்த மணத்தோடுதான் போனாள், மணவறைக்குப் போன மாப்பிள்ளையும் அந்த மணத்தோடுதான் போனார்.

"மூளைசாலிகள் அண்ணை நீங்கள் எல்லாரும்" என்று நான் சொல்லிவிட்டேன். வாய் தவறித்தான்.

அண்ணை தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். "என்ன மூளை? நாங்கள் என்னத்தைப் புதிசாக் கண்டுபிடிச்சது? இறைப்பு மெசினைப் பாத்திருக்கிறீரோ? ரெண்டு ராங்க் இருக்கும். சின்னனில பெற்றோல், பெரிசில மண்ணெண்ணெய். பெற்றோலில ஸ்ராற் பண்ணித் தண்ணி வந்தாப் பிறகு குழாயைத் திருப்பிவிடுவினம். நிற்பாட்ட முதல் திரும்பப் பெற்றோலுக்கு மாத்துவினம், அடுத்த நாள் ஸ்ராற் பண்ண வேணுமெல்லே. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறைச்ச பெடியன் ஒவ்வொருத்தனுக்கும் உது தெரியும். மெசினுக்கு நாலு சில்லுப் பூட்டினால் கார். வேற என்ன?"

இதை நான் எங்கும் வாசித்ததில்லை. தடைக்கால மண்ணெண்ணெய்க் கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் திடீரென்று பிறந்த அதிசயம் மாதிரித்தான் எழுதுகிறார்கள். அதற்கு முப்பது வருடத்துக்கு முன்பே வடக்கின் தோட்டக் கிணறுகளில் அந்த அதிசயம் காலையும் மாலையும் இறைத்துக்கொண்டிருந்தது. இங்கிலாந்திலும் அப்படித்தான். 1946 முதல் 1956 வரை செய்த சின்னப் பேர்கஸன் ரக்ரரில் ஒரு வகை, பெற்றோலில் கிளம்பி, சூடானதும் மண்ணெண்ணெய் இனத்து எண்ணெய்க்கு மாறி உழுதது. போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் பெற்றோல் விலை அப்படி. தோட்டக்காரனுக்குத் தெரிந்ததைக் காருக்குக் கொண்டுவந்ததுதான் எங்கள் மெக்கானிக்குகளின் கெட்டித்தனம். அன்றைக்கு ஒலுமடுவில் என் கைக்கு வந்த கொண்டென்சரும் அதே பாதையால்தான் வந்தது.

அண்ணை இன்னும் முடிக்கவில்லை. "உதில பெருமைப்பட ஒண்டுமில்லை. ஒரு என்ஜினைப் பத்து வருஷம் வைச்சு மெல்ல மெல்லக் கொல்லுற வேலை அது. எரியாத மண்ணெண்ணெய் ரிங் வழியாக் கீழ இறங்கி ஒயிலோட சேரும். டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பாத்தால் ஒயில் கூடியிருக்கும். ஊத்தாமல் ஒயில் கூடினால் அது நோய். ஒயில் தண்ணியாப் போனால் பெயறிங் போச்சு, போர் போச்சு. மாத்த ஒயிலும் இல்லை. வடிச்சு, அரிச்சு, திரும்பவும் ஊத்தினனாங்கள். பிளக்கை நெருப்பில சுட்டுக் கரி தட்டினனாங்கள். கதியில்லாமல் செய்தது, தம்பி. எழுதினால் அதையும் எழுதும்."

எழுதிவிட்டேன்.

தொழில் யாரிடம் பழகினது என்று மாமா கேட்டார். அண்ணை கொஞ்ச நேரம் கிணற்றடியைப் பார்த்தார். இதே ஊரில் கராஜ் வைத்திருந்த ஒரு முஸ்லிம்காரரிடம். பதினைந்து வயதில் ஸ்பனர் தூக்கிக் கொடுக்கப் போனவர். சிறிமாவோ அரசின் காலம்; இறக்குமதி இல்லை, ஸ்பெயார் இல்லை. பித்தளைத் துண்டைக் கடைந்து புஷ் செய்வது, லொறி ஸ்பிறிங் தகட்டை வெட்டிக் காருக்கு வைப்பது, கஸ்கற்றைக் கடதாசி மட்டையில் சுத்தியலால் தட்டி வெட்டி எடுப்பது, எல்லாம் அந்த நானாவின் கைப்பழக்கம். "தடை வரேக்கை நான் பயப்பிடாததுக்குக் காரணம் அவர்தான். ஆனால் தடைக்குள்ள அவர் இஞ்சை இல்லை."

1990 ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம்கள் எல்லாரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். தண்ணீரூற்று முஸ்லிம்களும் அதற்குள் அடக்கம். நானா புத்தளம் பக்கம் போனார். கராஜைப் பூட்டித் திறப்பை அண்ணையின் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். பாதை திறந்த பிறகு ஒருமுறை வந்து, கொட்டிலைச் சுற்றிப் பார்த்து, வைஸ் எங்கே என்று கேட்டிருக்கிறார். அதை மட்டும்தான் கேட்டாராம். வைஸ் அப்போது இருந்தது. காட்டிக் கொடுத்தேன் என்றார் அண்ணை.

அந்த வைஸ் இப்போதும் இருக்கிறது. 2008 கடைசியில் போரால் ஊரே பெயர்ந்தபோது ஸ்பனர்களுக்கெல்லாம் கிறீஸ் பூசி, பொலித்தீனில் சுற்றி, வைஸையும் சேர்த்துப் புதைத்துவிட்டுப் போனார். அவர் கையால் ஓட வைத்த கார்கள் பல புதுக்குடியிருப்புக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் நின்றுபோய், பிறகு இரும்பு விலைக்குப் போயின. முகாமிலிருந்து திரும்பி வந்தபோது கொட்டில் இல்லை, அடையாளம் வைத்த புளியமரம் இல்லை. "கிணறு இருந்தது. கிணறு இடம் மாறாதெல்லே. கிணத்துக் கட்டில இருந்து பன்ரண்டு அடி அளந்து தோண்டினன்."

மாமா எழுந்து போய் வைஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். இங்கே நான் சோகம் எழுதவில்லை. அவர் அதன் தாடையில் ஆட்டம் இருக்கிறதா என்றுதான் பார்த்தார். இருக்கவில்லை.

2022இல் பெற்றோல் வரிசை கிலோமீற்றர்க் கணக்கில் நின்றபோது கொழும்பிலிருந்துகூட அண்ணைக்குப் போன் வந்ததாம், காரை மண்ணெண்ணெயில் விடலாமோ என்று. இப்போதைய கார்களில் இன்ஜெக்ரர், சென்சர், கொம்பியூட்டர். ஒரு துளி மாறினால் மொத்தச் செலவு. "உங்கட கார் படிச்ச கார். சம்மதியாது" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலையே லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. மீன்பிடிக்காரர்தான் அதிகம் அடிபட்டார்கள். 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் ஐந்து வருடம் நாடு முழுவதும் பழையதைத் தைத்துத் தைத்து ஓடியது. அண்ணையின் கொட்டிலில் அதற்கு முந்திய நாற்பது வருடமும் அப்படித்தான்.

பொங்கல் நாள். முல்லைத்தீவுக் கடலில் எடுத்து வந்த உப்பு நீரை முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் வைத்து அதில் விளக்கேற்றுவது வழக்கம். பிறகுதான் வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்குப் பொங்கல். சனத்துக்குள் அண்ணையைக் கண்டோம். வெள்ளை வேட்டி, நகக்கண்ணில் மட்டும் கறுப்பு. மாமாவின் காதுக்குள் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "உப்புத் தண்ணியில விளக்கு எரியுற ஊர் இது. மண்ணெண்ணெயில கார் ஓடாதோ?" கோயிலில் சிரிக்கக்கூடாதென்று மாமா தோளைக் குலுக்கிக் குலுக்கி அடக்கினார்.

வெளிக்கிடும்போது அண்ணை ஒரு பால்மா ரின்னைக் கவிழ்த்தார். கொண்டென்சர்கள், பொயின்ற்கள், றோட்டர்கள். காருக்குச் சரியான அளவில் ஒன்றை எடுத்துப் பூட்டச் சொன்னார். நான்தான் பூட்டினேன். மட்டை வைத்தேன். இரண்டாம் தடவையிலேயே சரி வந்தது. இறைப்பு மெசினின் கொண்டென்சரைக் கட்டவிழ்த்துத் துடைத்துக் கடதாசியில் சுற்றினேன். கமக்காரருக்குக் கொடுக்கவென்று புதியதொன்றும் வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் ஒலுமடுவில் காரை நிற்பாட்டி, தேடிப் போய்க் கொடுத்தோம். அவர் சிரித்தார். வீட்டுக்குக் கறன்ற் வந்து கனகாலம், இப்போது மோட்டார்தான் இறைக்கிறது, மெசின் இனி ஓடாது என்றார். புதியதை என்னிடமே திருப்பித் தந்தார். பழையதை மட்டும் கடதாசியோடு வாங்கி, கொட்டிலின் இறப்புக்குள் செருகினார். "கிடக்கட்டும். இன்னொருத்தன் வந்து நிப்பான்."

ஒலுமடுவுக்கும் கரிப்பட்டமுறிப்புக்கும் இடையில் உங்கள் பழைய கார் வெட்டினமாதிரி நின்றால், பெற்றோலில் கை வைக்க முதல் அங்கே கேட்டுப் பாருங்கள்.